போகாதவருக்கு ஒரு பிரியாவிடை

நித்தியானந்தனுக்கு வாய் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ரயிலில் பக்கத்தில் ஒரு தமிழ் ஆள் அகப்பட்டால் சூரிச் வரும்வரை ஊர் அரசியலை அலசிக் காயப்போட்டுவிடுவார். ஆனால் ஒருவரிடம் போய் "எனக்கு இதைச் செய்து தாங்கோ" என்று கேட்க வேண்டி வந்தால் மட்டும் அந்த வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். சுவிஸில், சூரிச்சுக்குப் பக்கத்து ஊஸ்டரில் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் பன்னிரண்டு வருடமாக வேலை. கோப்பை கழுவ வந்தவர், இப்போது சூப்புக்கும் சலாட்டுக்கும் அவர்தான் பொறுப்பு. இத்தனை காலத்தில் செஃப் ரூக்ஸ்டூலிடம் அவர் வாய்விட்டுக் கேட்டது ஒரு புது ஏப்ரன். அதுவும் பழையதைக் கட்டுவதும் ஒன்றுதான், கட்டாமல் விடுவதும் ஒன்றுதான் என்ற நிலைக்கு வந்த பிறகு.

இப்போது கேட்க வேண்டியது சி விசா சம்பந்தமான விஷயம். வருடா வருடம் பி விசாவைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு, புது அட்டை வருகிறதா என்று தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்து மனிதர் அலுத்துப்போய்விட்டார். வேலை போனால் விசாவுக்கு என்ன ஆகுமோ என்ற பயம் வேறு கூடவே படுத்து எழும்பியது. சி கிடைத்தால் நிரந்தரமாக இருக்கலாம், நிம்மதியாக நித்திரை கொள்ளலாம். ஜெர்மன் பரீட்சை பாஸ் பண்ணியாகிவிட்டது. இவர் இங்கே வேலை செய்கிறார், தொடர்ந்தும் செய்வார் என்று வேலை கொடுப்பவர் எழுதித் தரும் கடிதம்தான் பாக்கி. நல்லவர், பொறுப்பானவர் என்று நாலு வரி கூடச் சேர்ந்தால் காரியம் சுகமாக முடியும் என்று, ஏற்கெனவே சி எடுத்த மகேந்திரன் அண்ணை சொல்லியிருந்தார்.

அந்த நாலு வரிதான் சிக்கல். பாராட்டுவதில் செஃப் மகா கஞ்சன். சூப்பை ருசி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாரென்றால் சூப் பிரமாதம் என்று அர்த்தம். அப்படிப்பட்டவரிடம் போய், என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுங்கோ என்று எந்த முகத்தோடு கேட்பது?

"வெறுங்கையோட போய்க் கேக்கப் போறியளோ?" என்றார் மனைவி சந்திரமதி. "ஏதும் பலகாரம் கொண்டுபோய்க் குடுத்திட்டுக் கேளுங்கோ."

"அவருக்கு மட்டும் குடுத்தா லஞ்சம் எண்டெல்லோ நினைப்பினம்."

"அப்ப எல்லாருக்கும் குடுங்கோ."

அதோடு பேச்சு முடிந்தது. சந்திரமதி முடிவெடுத்த பிறகு அந்த வீட்டில் மேல்முறையீடு கிடையாது. அடுத்த நாள் நித்தியானந்தன் செஃப்பை ஒதுக்குப்புறமாகப் பிடித்து, "வெள்ளிக்கிழமை வேலை முடிய உங்களோட தனியக் கதைக்கோணும். முக்கியமான விசயம்" என்றார். என்ன விஷயம் என்று செஃப் கேட்டதும் இவருக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. தலையைக் குனிந்துகொண்டு "அண்டைக்குச் சொல்லுறனே" என்று நழுவிவிட்டார். குனிந்திருந்ததால் செஃப்பின் முகம் கறுத்ததை அவர் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் ஸ்திரிபோட்ட சேர்ட்டுக்கு மாறிக்கொண்டு, ஊழியர் ஓய்வறை மேசையில் ரோல்ஸ், கட்லட், உளுந்து வடை என்று தட்டுத்தட்டாகப் பரப்பினார்.

இந்த நாட்டில் வேலையிடத்துக்கு ஒருவர் எல்லோருக்குமாகச் சாப்பாடு கொண்டுவந்தால், ஒன்றில் அவருக்குப் பிறந்தநாள், இல்லாவிட்டால் அவர் வேலையை விட்டுப் போகிறார். நித்தியானந்தனின் பிறந்தநாள் மார்ச்சில் என்பது குசினிக் கலண்டரில் இருந்தது. இது நவம்பர். இப்படி விடைபெற்றுப் போன எத்தனையோ பேரின் கேக்கை அவரும் வஞ்சகமில்லாமல் தின்றவர்தான். தன் ரோல்ஸும் அதே கணக்கில் சேரும் என்று மட்டும் அவருடைய மூளைக்கு எட்டவில்லை. தனியாகக் கதைக்கவேண்டும் என்றதும் குனிந்த தலையும் செஃப்புக்கு முன்பே சொல்லியிருந்ததை, தட்டுகளும் ஸ்திரிபோட்ட சேர்ட்டும் மற்றவர்களுக்கும் சொல்லிவிட்டன.

முதலில் வந்தவள் கோப்பை கழுவும் போர்த்துக்கேயப் பெண் மரியா. ஒரு ரோல்ஸைக் கடித்தாள், அவரைக் கட்டிப்பிடித்தாள், அழத் தொடங்கினாள். சந்திரமதியின் கைப்பக்குவம் இந்தளவுக்கு வேலை செய்யும் என்று நித்தியானந்தன் எதிர்பார்க்கவில்லை. "இன்னொண்டு எடு" என்று தட்டை நீட்டினார். அவள் இன்னும் பலமாக அழுதாள்.

பிறகு செஃப் வந்தார். ஒரு கையில் கிளாஸ், மற்றக் கையில் சுவிஸ்காரர் நினைவுப்பரிசாகக் கொடுக்கும், பட்டியில் பூ வேலை செய்த பெரிய மாட்டுமணி. மணியை மேசையில் வைத்துவிட்டு, கிளாஸைக் கரண்டியால் தட்டித் தொண்டையைச் செருமினார்.

"நித்தி பன்னிரண்டு வருசத்தில ஒருநாளும் பிந்தி வந்ததில்லை. நத்தார் பண்டிகைக்கு அடுப்பு பழுதாகி நான் தலையில கை வச்சுக்கொண்டு நிக்க, இவன் வீட்டுக்கு ஓடிப்போய்த் தன்ர காஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து முழு இல்லத்துக்கும் சூப் வச்சான். மூண்டாம் மாடியில இருக்கிற வயசான அம்மா, பிராவ் கெல்லர், நித்தி வச்ச சூப்போ எண்டு கேக்காமல் கரண்டியைத் தொடமாட்டா. நான் கனபேரோட வேலை செய்திருக்கிறன். இப்பிடி ஒருத்தன் எனக்கு வாய்ச்சதில்லை."

நித்தியானந்தனின் கண் நிறைந்துவிட்டது. கேட்க முன்னமே தருகிறாரே, சி விசா விஷயம் இவருக்கு எப்படித் தெரிந்தது? எப்படித் தெரிந்தால்தான் என்ன, இந்த மனிதரையா இத்தனை காலம் கல் நெஞ்சுக்காரன் என்று நினைத்திருந்தேன் என்று உருகிப்போனார்.

"புது இடத்திலயும் நல்லாயிரு" என்று சொல்லி, செஃப் மணியை அவர் கையில் கொடுத்தார்.

"எந்தப் புது இடம்?"

"அதை நீதான் சொல்லோணும். உன்ர இடத்துக்கு ஆள் தேவை எண்டு திங்கட்கிழமை விளம்பரம் போடப்போறம்."

நித்தியானந்தன் மணியையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தார். வேலை இருக்கிறது என்று எழுதி வாங்க வந்த இடத்தில், வேலையையே வழியனுப்பி வைக்கிறார்கள்! அந்த ஒரு நொடியில் பன்னிரண்டு வருடப் பூட்டு தெறித்து விழுந்தது. பரீட்சைக்குப் படித்த இலக்கணத்தையெல்லாம் காற்றில் பறக்கவிட்டு, "நான் போகேல்லை! இருக்கத்தான் வேணும்! சி விசாவுக்குக் கடிதம் கேக்கத்தான் ரோல்ஸ்!" என்று ஜெர்மனில் கத்தினார்.

முதலில் மரியா சிரிக்கத் தொடங்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். செஃப்பின் முகம் மட்டும் பீட்ரூட் நிறத்துக்குப் போனது. "வா" என்று தன் சின்ன அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அங்கே ஒரே மூச்சில் ஒரு கடிதம் தட்டி அச்செடுத்து நீட்டினார். நித்தியானந்தன் இங்கே வேலை செய்கிறார், தொடர்ந்தும் செய்வார். அவ்வளவுதான்.

"போதுமோ?"

முந்தின நாளாயிருந்தால் தலையாட்டிவிட்டு வந்திருப்பார். ஆனால் திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. "செஃப், அங்க சொன்னதையும் எழுதுங்கோ."

"அது போறவைக்குச் சொல்லுறது."

"அப்ப நான் போயிட்டன் எண்டு நினைச்சு எழுதுங்கோ."

செஃப் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எண்டா வெளியில போய் நில். நீ முன்னால நிண்டா எனக்கு வராது."

நித்தியானந்தன் தாழ்வாரத்தில் நின்றார். மூச்சுவிட்டாலும் கையிலிருந்த மணி கிணுங்கியது. என்னவோ ஏதோ என்று ஒரு கிழவர் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார். நித்தியானந்தன் மணியை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். உள்ளே இரண்டு விரலால் தட்டும் சத்தம் கேட்டது, நின்றது, பிறகும் கேட்டது. ஒரு கடிதத்துக்கு இவ்வளவு நேரமா என்று பயம்கூட வந்தது.

கதவு திறந்தது. கடிதம் ஒரு பக்கத்தை முழுதாக நிரப்பியிருந்தது. காஸ் அடுப்பு இருந்தது, பிராவ் கெல்லரின் கரண்டி இருந்தது, ஓய்வறையில் சொல்லாத வேறு எவ்வளவோ இருந்தது. நித்தியானந்தன் அதை முதல் வரியிலிருந்து மறுபடியும் வாசித்தார்.

செஃப் கண்ணாடியைக் கழற்றி ஏப்ரனில் துடைத்தார்.

"எல்லாத்தையும் எழுதிப்போட்டன். இனி நீ உண்மையாப் போனாலும் சொல்லுறதுக்கு என்னட்ட ஒண்டும் மிச்சமில்லை" என்றார். "அதால போகாத."