யோன்னா ரௌன் தன் வீட்டுக்குக் கதவு வைத்த கதை

யோன்னா ரௌன் பொறுப்பெடுத்த எந்தக் கட்டடமும் கதவில்லாமல் நின்றதில்லை, அவள் சொந்த வீட்டைத் தவிர. எங்கள் ஊர் விளையாட்டுக் கூடம், தீயணைப்பு நிலையம், முதியோர் இல்லம், ஃபியோர்டு என்கிற கடற்கழி ஓரத்துப் படகுக் கொட்டகை எல்லாம் அவள் எழுப்பியவைதான். எழுப்பியவள் என்றால் செங்கல் சுமந்தவள் என்று அர்த்தமில்லை. இங்கே கட்டலாமா, மண் தாங்குமா, ஊராட்சியின் பை தாங்குமா என்று முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்பதிலிருந்து, கடைசியில் ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டிப் பார்த்துச் சாவியை ஒப்படைப்பது வரைக்கும் அவள் தலையில்தான் எல்லாம். தச்சனும் கொத்தனும் குழாய்க்காரனும் ஒரே வாரத்தில் ஒரே கூரைக்கு அடியில் ஒருத்தர் காலை ஒருத்தர் மிதிக்காமல் வேலை செய்யவேண்டும். அதைச் செய்ய வைப்பது என்ன லேசுப்பட்ட காரியமா? யோன்னா செய்ய வைப்பாள். சொன்ன தேதிக்கு முடிப்பாள்.

அவள் கோட்டுப் பையில் எப்போதும் ஒரு நீல டேப் உருளை இருக்கும். சுவரில் ஒரு கீறல், ஜன்னலில் ஒரு கோணல் என்று எது கண்ணில் பட்டாலும் சரக்கென்று ஒரு துண்டு கிழித்து அங்கே ஒட்டிவிடுவாள். ஒட்டினால் குறை என்று அர்த்தம், சரிசெய்யும் வரை அந்த டேப் போகாது. அவள் ஒரு கட்டடத்தைச் சுற்றிவந்து முடித்தால் அதற்கு அம்மை போட்ட மாதிரி இருக்கும். ஆட்கள் வாய்க்குள் முணுமுணுத்தாலும் அவளை வெறுத்ததில்லை. காரணம், வேலை ஆட்களின் வயிற்றை அவள் ஒருநாளும் மறந்ததில்லை.

கூரையின் கடைசிக் கைமரம் ஏறிய அன்று, எங்கள் பக்கத்து வழக்கப்படி, கட்டடத்துக்குச் சொந்தக்காரர் வேலையாட்களுக்கு விருந்து வைத்தாக வேண்டும். சாசேஜ், பீர், நன்றி சொல்லி நாலு வார்த்தை. வைக்காமல் நழுவினால் ஆட்கள் சும்மா விடமாட்டார்கள். வைக்கோலில் ஒரு பொம்மை செய்து முகட்டில் தொங்கவிட்டு, கஞ்சன் ஹான்ஸ் என்று அதற்குப் பேரும் வைத்துவிடுவார்கள். விருந்து வைக்கிற வரைக்கும் அது ஊர் பார்க்க ஆடிக்கொண்டே இருக்கும். யோன்னாவின் சைட்டில் ஒருமுறைகூட ஹான்ஸ் தொங்கியதில்லை. தீயணைப்பு நிலையத்துக்கு விருந்து கிடையாது என்று ஊராட்சி கையை விரித்தபோது, அவளே சாசேஜ் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றாள். அதில் அவளுக்கு அவ்வளவு பெருமை. பேச்சு வந்தால் எப்படியாவது அந்தக் கதைக்குக் கொண்டுவந்து விட்டுவிடுவாள்.

சரி, இவ்வளவு சமர்த்தானவள் வீட்டுக்கு ஏன் கதவில்லை? அதுதான் வேடிக்கை.

முன்பக்கம் ஓர் அறையும் வாசல் மண்டபமும் சேர்த்துக் கட்டலாம் என்று அவளும் புருஷன் வில்லியும் முடிவெடுத்தார்கள். வில்லி பஸ் ஓட்டுகிறவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். கதவு தெற்கே பார்த்து இருக்கட்டுமா கிழக்கே பார்த்து இருக்கட்டுமா என்று யோன்னா ஆய்வு பண்ணியே இரண்டு குளிர்காலம் போனது. அப்புறம் ஆள் பிடிக்க வேண்டுமே! சுற்றுவட்டாரத்துத் தச்சர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு வகையில் அவள் சைட்டில் வேலை பார்க்கிறவர்கள். அவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டால், ஊராட்சி வேலையைக் காட்டி ஓசியில் வீட்டு வேலை வாங்கினாள் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரும். முழுக் கூலி கொடுத்தாலும் வரும். அதனால் ஒருத்தனையும் வாசல் மிதிக்க விடமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். தலைமைத் தச்சன் ப்ரேபன் தானே வந்து, கைமரத்தை ஒரு சனிக்கிழமையில் ஏற்றித் தருகிறேன் என்று கெஞ்சினான். அவனையும் காபி கொடுத்துத் திருப்பி அனுப்பினாள். இப்படியும் ஒரு நேர்மையா என்று தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றும், ஆனால் எங்கள் பக்கத்து ஆட்கள் அப்படித்தான்.

மிச்சம் இருந்தது வில்லி ஒருத்தர். பஸ் ஓட்டிவிட்டு வந்து சாயங்காலம் கலவை குழைத்தார். ஞாயிற்றுக்கிழமை செங்கல் வைத்தார். கைமரத்தை ஒரு பக்கம் அவர் பிடிக்க, மறுபக்கம் யோன்னா பிடிக்க, எப்படியோ கூரையும் ஏறியது. ஆனால் அவர் ஒரு சுவரை முடித்து நிமிர்ந்தால் யோன்னா கோணல் பார்க்கும் ரசமட்டத்தோடு வந்து நிற்பாள். சரக். நீல டேப். வில்லி இடித்துவிட்டு மறுபடி வைப்பார். கூரை ஏறி நாலு வருஷமாகியும் வாசல் இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டுப்பலகையும் பிளாஸ்டிக் தாளும்தான். வருகிறவர் எல்லோரும் பின்பக்கத் துவைப்பறை வழியாகத்தான் நுழையவேண்டும். பாதிரியார்கூட வாஷிங் மெஷினை ஒருக்களித்துத் தாண்டித்தான் வந்தார்.

இந்த லட்சணத்தில் வெள்ளிக் கல்யாண நாள் வந்து சேர்ந்தது. இருபத்தைந்து வருஷம் ஆனால் தெருக்காரர்கள் விடமாட்டார்கள். முன்வாசலைச் சுற்றி ஊசியிலைக் கிளைகளால் வளைவு கட்டி, விடிந்ததும் எக்காளத்தோடு வந்து பாடி எழுப்பி, வளைவுக்கு அடியில் நுழைந்து காலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். வளைவுக்கு அளவெடுக்கப் பக்கத்து வீட்டு ஓலுஃப் நூலோடு வந்தார். பிளாஸ்டிக் தாளை மேலும் கீழும் பார்த்தார்.

"இதைச் சுத்தியா கட்டச் சொல்ற? இல்ல, அந்த வாஷிங் மெஷினுக்கே கட்டிரட்டுமா?"

யோன்னாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஊருக்கெல்லாம் கதவு வைத்தவள், தன் வெள்ளிக் கல்யாணத்துக்கு ஊரைத் துவைப்பறை வழியாக அழைப்பதா? நாலு பேர் சிரிப்பார்களே! இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, கதவு இருக்கும், போய்க் கட்டு என்று ஓலுஃபை விரட்டினாள்.

மறுநாளே வீடு சைட் ஆகிவிட்டது. சமையலறைச் சுவரில் வேலை அட்டவணை ஏறியது. கொத்து வேலைக்கு நேராக வில்லி. தச்சு வேலைக்கு நேராக வில்லி. பூச்சு, வண்ணம், குப்பை அள்ளுவது எல்லாவற்றுக்கும் நேராக வில்லி. காலை ஆறு மணிக்கு வேலைக் கூட்டம் என்றாள். வில்லி கறுப்பு ரொட்டியை மென்றபடி உட்கார்ந்திருப்பார். யோன்னா எழுந்து நின்று, யாராவது பிந்தியிருக்கிறார்களா, யாருக்காவது தடை இருக்கிறதா என்று சைட்டில் கேட்கிற தோரணையில் கேட்பாள். வில்லி திரும்பிப் பின்னால் பார்ப்பார். பின்னால் ஃபிரிட்ஜ்தான் இருக்கும்.

ஆனாலும் மனுஷன் செய்தார். படி கட்டினார், நிலை நிறுத்தினார். கல்யாண நாளுக்கு முந்தின சாயங்காலம், பச்சை வண்ணம் பூசிய கதவு கீலில் ஏறி உட்கார்ந்தது. வில்லி அதை இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். யோன்னா ரசமட்டத்தோடு வந்தாள். மேலே பார்த்தாள், ஓரம் பார்த்தாள், குனிந்து கீழே பார்த்தாள்.

"மூணு மில்லி சாய்வா இருக்கு" என்றாள்.

சரக். கதவின் அடியில் நீல டேப்.

வில்லி உள்ளே போனார். காபியைக் குடித்து முடித்தார், கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார், கார் கொட்டகைப் பக்கம் நடந்தார். யோன்னா வேலை முடிந்த நிம்மதியில் போய்ப் படுத்தாள். படுத்ததும் தூங்கிவிட்டாள்.

விடிந்ததும் எக்காளம் முழங்கியது. தெருவே பாடியது. யோன்னா இரவு உடுப்பிலேயே, தலையைக்கூட வாராமல், வில்லியின் கையைப் பிடித்துக்கொண்டு பெருமையாகப் புதுக் கதவைத் திறந்தாள். வளைவு அழகாக இருந்தது. ஆனால் ஒருத்தரும் அவளையும் பார்க்கவில்லை, கதவையும் பார்க்கவில்லை. எல்லார் தலையும் அண்ணாந்து இருந்தது. பாட்டு ஒவ்வொரு வாயாக நின்றது. எக்காளக்காரர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஊதியதால் கொஞ்சம் பிந்தி நிறுத்தினார்.

யோன்னா படியிறங்கித் திரும்பிப் பார்த்தாள். மண்டபத்து முகட்டில் கஞ்சன் ஹான்ஸ் தொங்கிக்கொண்டிருந்தான். அவளுடைய மஞ்சள் சட்டை. அவள் பெயர் எழுதிய அவளுடைய ஹெல்மெட். நெஞ்சில் குறுக்கும் நெடுக்குமாக நீல டேப்.

அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே! கூட்டத்தில் ப்ரேபன் நிற்பது கண்ணில் பட்டதுதான் தாமதம், நேரே போய் அவனைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் ஒருநாள் உங்களை வயிறு காயப் போட்டிருக்கிறேனா, ஊராட்சி இல்லை என்றபோதும் சட்டி தூக்கி வந்தவள் யார், நல்ல நாளும் அதுவுமாக மானத்தை வாங்குகிறீர்களே என்று மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினாள். ப்ரேபன் அவள் முடிக்கும் வரை பொறுத்திருந்தான். பிறகு தொப்பியைக் கழற்றினான்.

"தாயே, எங்க வழக்கம் உங்களுக்குத் தெரியாதா? வேலை பார்த்த வீட்லதான் பொம்மை கட்டுவோம். என்னைத்தான் நீங்க ஒரு ஆணிகூட அடிக்க விடலையே."

"அப்ப இந்த வீட்ல வேலை பார்த்தது யாருடா?" என்று கத்தினாள் யோன்னா.

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி அவள் காதிலேயே விழுந்தது. மெதுவாகத் திரும்பினாள். வில்லி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். அங்கியின் கைமடிப்பில் இரண்டு வைக்கோல் குச்சி ஒட்டியிருந்தது.

"கூரை ஏத்தி நாலு வருஷம் ஆச்சு யோன்னா," என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "ஒரு சாசேஜைக் கண்ல காட்டல. நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லல. ஊர்ல உள்ள தச்சனுக்கெல்லாம் சட்டி தூக்கிட்டுப் போன. நான் என்ன பாவம் பண்ணேன்?"

யாரும் சிரிக்கவில்லை. யோன்னாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த டேப்பெல்லாம் அவர் கை வைத்த இடங்களில் ஒட்டியது என்று அப்போதுதான் உறைத்தது. எத்தனை சுவரை இடித்திருப்பார்! ஒருநாளாவது முகம் சுளித்தாரா? சாசேஜ் வேண்டுமென்றா இந்த மனுஷன் பொம்மை கட்டினார்?

அவள் படியேறிப் போய்க் கதவுக்கு முன்னால் நின்றாள். ஊராட்சித் தலைவர்கள் எத்தனையோ பேருக்கு நன்றிப் பேச்சு எழுதிக் கொடுத்தவள் அவள். இப்போது குனிந்து, கதவின் அடியில் இருந்த நீல டேப்பை நகத்தால் சுரண்டிப் பிய்த்தெடுத்து, உருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"கதவு நல்லாருக்கு வில்லி" என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. ஓலுஃப் தொண்டையைச் செருமிக்கொண்டு ஹுர்ரே போட, தெருவே சேர்ந்து வழக்கப்படி ஒன்பது தடவை கத்தியது. கடைசியில் ஒரு நீளமான ஹுர்ரேயும் போட்டார்கள். யோன்னா இரவு உடுப்போடேயே அடுப்பில் பெரிய சட்டியை ஏற்றி, காலைப் பன்னுக்காக வந்து உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் சாசேஜ் வேகவைத்துப் போட்டாள். முதல் தட்டும் முதல் பீரும் வில்லிக்கு. அவர் சாப்பிட்டு முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, ஏணியை எடுத்துப் போய் ஹான்ஸை இறக்கினார்.

இன்றைக்கும் மழைக்காலம் வந்தால் அந்தக் கதவு அடியில் பிடிக்கும். யோன்னா அங்குமிங்கும் பார்த்துவிட்டு, தோளால் ஓர் இடி இடித்துத் திறந்து உள்ளே போவாள். என்ன சத்தம் என்று வில்லி கேட்டால், காற்று என்பாள்.