அலமாரிக்கு முதுகு

தையல்காரிக்கு ஊசி அக்கா என்று பெயர் வந்ததற்குத் தொழில் பாதிக் காரணம், வாய் பாதிக் காரணம். அவளும் எதிர்வீட்டு டீச்சரும் ஆறு வருஷத்துக்கு முன் தையல் கடைக்குள் ஓர் அலமாரி வைத்தார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய். இல்லாதவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். சட்டம் ஒன்றே ஒன்றுதான். காவலுக்கு இருப்பவர் அலமாரிக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். வருவது யார் என்று பார்க்கக் கூடாது. சனிக்கிழமை டீச்சர் முறை, மற்ற நாளெல்லாம் அக்கா.

போன மாதம் அக்காவின் கணவர் வேலை பார்த்த ஆலையை இழுத்து மூடினார்கள். தையல் வருமானம் வாடகைக்கே சரியாகப் போயிற்று. ஒரு சனிக்கிழமை அக்கா கூனிக்குறுகித் தன் கடைக்குள்ளேயே நுழைந்து ஒரு பை அரிசி எடுத்தாள். நாற்காலியில் இருந்த டீச்சர் திரும்பவேயில்லை. மகராசி என்று அக்கா மனதாரக் கும்பிட்டாள்.

மறுநாள் காலை அக்கா வீட்டு வாசலில் பாதித் தெரு உதவ வந்து நின்றது. மருந்துக்கடைக்காரர் கையில் பால் பவுடர். அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நல்ல மனசோடு ஒருத்தியைச் சந்தி சிரிக்க வைப்பது இப்படித்தான். அக்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது. நேரே டீச்சர் வீட்டுக்குப் போனாள்.

"நீங்கதான் திரும்பவே இல்லையே, டீச்சர்."

"திரும்பலம்மா. அந்த நாற்காலிக்கு எதிர்லதானே அளவு பாக்குற கண்ணாடி இருக்கு? எல்லாம் தெரியும்."

அக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. அவள் இடம் ஜன்னலோரத் தையல் மிஷின்.

"ஆறு வருஷமாவா?"

"கண்ணை மூடிக்கிட்டா உக்கார முடியும்? உனக்கு நல்லது நடக்கட்டும்னுதான் நாலு பேர்கிட்ட சொன்னேன்."

"வேற யாரைப் பத்தியெல்லாம் சொன்னீங்க?"

டீச்சர் வகுப்பில் ஆஜர் எடுப்பதுபோல் ஒப்பித்தார். பஸ் டிரைவர், பூட்டு ரிப்பேர்காரர், மாடிவீட்டுப் பெரியம்மா. "அப்புறம் உன் தங்கச்சி."

ஞாயிறுதோறும் சாப்பிட வந்து, 'எனக்கென்னக்கா குறை' என்று சிரிப்பவளா?

"ரெண்டு வருஷமா வர்றா. தெருவுக்கே தெரியும், உனக்குத் தெரியாதா? சனிக்கிழமை மட்டும்தான். நீ இருக்குற நாள்ல அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டா."

டீச்சரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிறமாதிரி கேட்க வந்தவள், வந்த வேகத்திலேயே படி இறங்கினாள். இந்த அம்மாள் செய்தது பச்சைத் துரோகம். ஆனால் ஒரு வயிற்றில் பிறந்தவள் செய்ததற்கு என்ன பெயர்?

மத்தியானம் தங்கை வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அழுதாள்.

"தெருவெல்லாம் சொல்றாங்க. கூடப்பொறந்த என்கிட்டயே மறைச்சிட்டியேக்கா."

காலையிலிருந்து அக்கா கேட்க வைத்திருந்ததும் அதே கேள்விதான்.