முப்பத்தோரு ஓட்டு

பாலக்கோட்டுக்கு மேற்கே நாலு மைலில் இருக்கிறது சின்னேரிப்பட்டி. அங்கே போய்ச் சவுரியப்பன் வீடு எது என்று கேட்டால் சிலர் யோசிப்பார்கள். சோசலிஸ்ட் வீடு என்று கேட்டால் வாசல் வரை கூட்டிவந்து விடுவார்கள். அவர் சேர்ந்திருந்த கட்சி உடைந்து, உடைந்த துண்டுகளும் வேறு கட்சிகளில் கரைந்து பல வருடமாகியிருந்தது. தக்காளி மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்த அவர் மட்டும் கரையவில்லை. "அந்தக் கட்சியில இன்னும் யாருங்க இருக்காங்க?" என்று யாராவது கிண்டலாகக் கேட்டால், "நான் இருக்கறன்ல" என்பார்.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், அறுவடைக் கூலியைக் கூட்டிக் கேட்டு ஆட்களைச் சேர்த்தார் சவுரியப்பன். அப்போது ஊருக்குப் பிரசிடெண்ட் பெரியண்ணன். ஏரிக்குக் கீழே நிலம் முழுக்க அவருடையது. கூலி கேட்டவரை அரசாங்கத்துக்கு எதிரான ஆள் என்று எழுதிக் கொடுத்தார். சவுரியப்பனைப் பிடித்துக்கொண்டுபோய் இருபத்திமூன்று நாள் உள்ளே வைத்தார்கள். போலீஸ் அடித்த அடியில் இடது காது கேட்காமல் போயிற்று.

பத்தாம் நாள் அவர் அம்மா இன்னாசியம்மாள் இறந்துபோனாள். சர்ச் தெருவிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வண்டிப்பாதை பெரியண்ணன் வயலோரமாகப் போகிறது. அந்த வாரம்தான் அவர் பாதையை மறித்து முள்வேலி போட்டிருந்தார். சவப்பெட்டியோடு போய்க் கெஞ்சியும் வேலியைத் திறக்கவில்லை. ஏரிக்குள் இறங்கி முழங்கால் சேற்றில் தூக்கிப்போனார்கள். நடுவில் ஒருவர் கால் வழுக்க, பெட்டி சேற்றில் விழுந்தது.

விடுதலையாகி வந்த அன்று மனைவி ராஜமேரி இதைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவளே பயந்துபோனாள்.

"அருவாள எடுத்துறாதீங்க. உங்க காலப் புடிக்கறன்."

"வெட்டுனா அன்னிக்கே செத்துப்போவான். அது அவனுக்குச் சுகம். எனக்கு அது வேணாம்" என்றார் சவுரியப்பன்.

பத்து வருடம் காத்திருந்தார். அதற்குள் சர்ச் தெருவிலிருந்து ஏழெட்டுச் சாவு அந்தச் சேற்று வழியாகத்தான் போயிற்று. எழுதிப்போட்ட மனு ஒன்றுக்கும் பதில் வரவில்லை. 1986இல் பஞ்சாயத்துத் தேர்தல் அறிவித்தார்கள். எதிர்க்க ஆளில்லை என்கிற நினைப்பில் பெரியண்ணன் முதல் ஆளாக வேட்பு மனு போட்டார். மறுநாள் மண்டிக்கு லீவு சொல்லிவிட்டுச் சவுரியப்பன் போட்டார். அவருக்கு ஏணிச் சின்னம் கிடைத்தது.

சைக்கிளில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். எங்கே நின்றாலும் ஒரே பேச்சு. "எங்க ஆத்தாளச் சேத்துல போட்டவன் இன்னொரு தடவ நாற்காலியில ஒக்காரக் கூடாது!" கூட வந்த கிருஷ்ணப்பன் தலையில் அடித்துக்கொண்டார். மேட்டு வளவில் கன்னடம் பேசுகிற குடும்பங்களுக்கு அவர்தான் பெரிய மனுசன்.

"அண்ணா, எங்க வளவுல கொழாய் இல்ல, லைட்டு இல்ல. அதப் பேசுங்க. சோசலிஸ்ட்டுன்னா அதானே?"

"அதெல்லாம் செய்யறன் கிருஷ்ணப்பா. ஆனா நான் நிக்கறது அதுக்கில்ல. பொய் சொல்லி ஓட்டுக் கேக்க வேணாம்னு பாக்கறன்."

கிருஷ்ணப்பனே குழாயைப் பற்றியும் லைட்டைப் பற்றியும் பேசவேண்டியதாயிற்று. சர்ச் தெரு ஓட்டு, மேட்டு வளவு ஓட்டு எல்லாம் சேர்த்துப் பார்த்தும் பதினைந்து இருபது குறைந்தது. பெரியண்ணனின் சொந்தக்காரர்கள் ஒருவரும் பிரியமாட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

ஓட்டுப்பதிவுக்கு நாலு நாள் இருக்கும்போது, மண்டியில் உச்சி வெயில் நேரம், நாலு கூடைத் தக்காளியோடு ஓர் அம்மாள் தராசுக்கு முன்னால் வந்து நின்றாள். பெரியண்ணன் மனைவி தீர்த்தம்மாள். எடைக்கல்லைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எத்தன ஓட்டு கொறையுது உனக்கு?"

சவுரியப்பன் வலது காதைத் திருப்பினார். "என்னங்கம்மா கேட்டீங்க?"

"எங்க பங்காளி வூட்டுப் பொம்பளைங்க இருவத்தி நாலு பேரு. என்னையும் சேத்து. ஏணியில குத்தறோம்."

"எதுக்குங்க?"

"போன தையில, களத்துல, அத்தன ஆளுங்க பாக்கறப்ப செருப்பக் கழட்டி அடிச்சாரு. குழம்புல உப்பு கம்மின்னு. அந்தப் பொம்பளைங்க எல்லாம் பாத்துக்கிட்டு நின்னாங்க. அவங்கவங்க வூட்டுலயும் அதே கததான்." காலிக் கூடைகளை அடுக்கி இடுப்பில் வைத்தாள். "எம்பேரு உன் வாயில வரக்கூடாது. உன் பொண்டாட்டிகிட்டக்கூட."

"எங்க ஆத்தா மேல சத்தியங்க" என்றார்.

முப்பத்தோரு ஓட்டு வித்தியாசத்தில் சவுரியப்பன் ஜெயித்தார். ஓட்டு எண்ணிய இடத்தில் பெரியண்ணன் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். எப்படிப் போட்டாலும் தன் ஆட்கள் இருபது பேருக்கு மேல் மாற்றிக் குத்தியிருந்தார்கள். பெண்கள் அப்படிச் செய்வார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தம்பி முனியப்பன்தான் என்று முடிவு செய்து, வாசலில் நின்று கத்தினார். முனியப்பன் திருப்பிக் கத்தினான். அடுத்த மாதமே நிலத்தைப் பிரிக்கச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் வந்தது.

முனியப்பன் மேல் தப்பில்லை என்பது சவுரியப்பனுக்குத் தெரியும். அவர் வாயைத் திறக்கவில்லை. கொடுத்த வாக்கு ஒரு பக்கம். அந்த வீடு பற்றி எரிவதைப் பார்க்கப் பிடித்திருந்தது இன்னொரு பக்கம்.

பஞ்சாயத்தின் முதல் தீர்மானம் கல்லறைப் பாதை. வரைபடத்தில் அது புறம்போக்கு. வேலியைப் பதினைந்து நாளில் எடுக்க வேண்டும் என்று நோட்டீஸ் போயிற்று. வேலியை வெட்டக் கூலிக்கு ஒருவரும் வரவில்லை. கடைசி நாள் பெரியண்ணனே அரிவாளோடு வந்தார். எதிரில் புளியமரத்தடியில் பஞ்சாயத்து ஆபீஸ் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார் சவுரியப்பன். காலையிலிருந்து மதியம் வரை எழுந்திருக்கவில்லை. முள் கிழித்துப் பெரியண்ணன் முழங்கை முழுக்க ரத்தம். அவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கிருஷ்ணப்பன் உதவிக்குப் போகப் பார்த்தபோது சவுரியப்பன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"போதும் அண்ணா, பாவம்."

"எங்காது கேக்கல கிருஷ்ணப்பா."

கடைசி முள்ளையும் இழுத்துப் போட்டுவிட்டுப் பெரியண்ணன் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார். தீர்த்தம்மாள் தண்ணீர்ச் செம்போடு பின்னால் நின்றிருந்தாள்.

"சவுரியப்பா, வேலியும் எடுத்துட்டன். எந்தம்பி நான் இல்லன்னு சத்தியம் பண்றான். ஒண்ணு மட்டும் சொல்லு. எங்காளுங்கள்ல யாரு உனக்குப் போட்டது?"

அந்த ஒரு பெயரைச் சொன்னால் பெரியண்ணன் அங்கேயே இடிந்து விழுவார். பத்து வருடத்துக்கும் சேர்த்துக் கணக்கு தீர்ந்துவிடும். பெயர் சவுரியப்பனின் நாக்கு நுனி வரை வந்தது. தீர்த்தம்மாளின் கையிலிருந்த செம்பு ஆடாமல் அப்படியே இருந்தது.

"உங்க ஆளுங்க, உங்களுக்குத் தெரியாதா? யோசிச்சிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அந்த வருடமே மேட்டு வளவுக்குக் குழாய் வந்தது. பிறகு தெருவிளக்கும் வந்தது. நல்ல பிரசிடெண்ட் என்றுதான் பெயர் எடுத்தார். பெரியண்ணன் வீட்டுத் தெருவுக்கு மட்டும் லைட்டுக் கம்பம் கடைசியாகத்தான் போயிற்று. ராஜமேரி கேட்டதற்கு, "வரிசைன்னு ஒண்ணு இருக்குதுல்ல" என்றார்.

அடுத்த கோடையில் ஒருநாள் மண்டிப் பக்கம் போனவர் தீர்த்தம்மாளைப் பார்த்தார்.

"வூட்டுல எப்படி இருக்காருங்க?"

"கல்யாணம் காரியம் எதுக்கும் போறதில்ல. எவனப் பாத்தாலும் இவன்தானோன்னு பாக்கறாரு. சோத்துக்கு ஒக்காந்தா என்கிட்டதான் கேக்கறாரு, யாரா இருக்கும் யாரா இருக்கும்னு."

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

தீர்த்தம்மாள் சேலைத் தலைப்பால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"தெனம் ஒரு பேரு சொல்றன்" என்றாள்.