ஒத்திகை என்று சொன்னேன்

எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ வாங்கியவள் ஏற்காட்டு ஓட்டல் புல்வெளியில் மலைக்காரப் பெண் வேடம் போட்டு உடுக்கை அடித்தது எப்படி என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். பதில் சிக்கலானதல்ல. எண்பதுகளின் நடுவில் சேலத்தில் எனக்குக் கிடைத்த வேலை ரேடியோ பழுதுபார்க்கும் கடையில். அதுவும் வாரத்துக்கு நான்கு நாள்தான். சிறுவயதிலிருந்து மிருதங்கம் வாசிப்பேன், உடுக்கையும் அடிப்பேன். மைக் செட் கட்டத் தெரியும். மூன்று ஆள் வேலையை ஒரே ஆள் செய்வாள் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். கோயில் கச்சேரி, பள்ளி ஆண்டுவிழா, ஓட்டல் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனேன்.

ஓட்டல் நிகழ்ச்சிக்கு ‘அந்தக் காலத்து ஏற்காடு’ என்று பெயர். கோடை சீசனில் சனிக்கிழமைதோறும் சாயங்காலம், விருந்தினர்கள் டீ குடிக்கும் நேரத்தில் நடக்கும். மூன்று காட்சிகள். ஒன்று, வெள்ளைக்காரத் துரை டோலியில் மலையேறி வருவது. இரண்டு, துரை காப்பிக் கன்று நடுவது. மூன்று, மலைக்காரர்களின் கொண்டாட்டம். துரையாக நடித்தவர் சேலத்தில் தையற்கடை வைத்திருந்தார். துரையின் கோட்டை அவரே தைத்துக்கொண்டு, முகத்துக்கு அரை டப்பா பவுடர் பூசிக்கொள்வார். டோலியைத் தூக்குபவர்கள் ஓட்டல் தோட்டக்காரர்கள். மூன்றாவது காட்சியில் நான் மட்டும்தான்.

எதையும் பட்டியல் போட்டுச் செய்வது என் பழக்கம். பின்கொசுவம் வைத்த சேலை, பாசிமணி மூன்று சரம், காலில் தண்டை, கொண்டையில் பூ. ஒவ்வொன்றுக்கும் எதிரில் அதை எங்கே பார்த்தேன் என்று எழுதியிருந்தேன். பெரும்பாலும் ‘புகைப்படம்’ என்றுதான் இருக்கும்.

அந்த ஓட்டலில் டீ பரிமாறவும் பாத்திரம் கழுவவும் பக்கத்து மலைக்கிராமமான தலைச்சோலையிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள், அக்காவும் தங்கையும். அக்காவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தங்கைக்கு என் வயது. முதல் சனிக்கிழமை நான் வேடத்தோடு சமையற்கட்டுப் பக்கம் போனபோது தங்கை என்னைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“ஏனுங்க, இது எந்த ஊரு வேசமுங்க?”

“உங்க பக்கத்து வேசம்தான்.”

“எங்க பக்கமுங்களா? எங்காத்தா கூட இப்படிக் கட்டுனதில்லீங்க. எங்களுக்கெல்லாம் நைலக்ஸ் சேலைதானுங்க.”

“சும்மா இரு புள்ள” என்று அக்கா அவளை அடக்கினார். “அது படிச்ச புள்ள. ஏதாச்சும் தெரிஞ்சுதான் கட்டியிருக்கும். நீ வா கண்ணு, டீ குடி.”

அக்காவை எனக்கு ஏற்கெனவே தெரியும். அவரிடம் நான் அதைச் சொல்லவில்லை.

முந்தைய வருடம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு டேப் ரிக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு போயிருந்தேன். உடுக்கை அடித்தவரிடம் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டேன். “சாமி கேக்கறதுதான கண்ணு, நீயும் கேட்டுக்க” என்றார். அடி மெதுவாக ஆரம்பித்துப் படிப்படியாக ஏறியது. ஓர் இடத்தில் கூட்டத்திலிருந்த ஒரு பெண்ணின் உடம்பு நடுங்கி, தலை ஆடி, கூந்தல் அவிழ்ந்தது. ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். பிறகு ஒவ்வொருவராக முன்னால் போய்க் கேட்டார்கள். பெண்ணுக்கு எப்போது வரன் அமையும், கிணற்றில் தண்ணீர் ஊறுமா, கோபித்துக்கொண்டு போன மருமகன் திரும்பி வருவானா. சாமி சொன்ன வாக்கை வாங்கிக்கொண்டு மறுபேச்சில்லாமல் நகர்ந்தார்கள். அந்தப் பெண்தான் இந்த அக்கா.

அரை மணி நேரத்தில் கேசட்டின் ஒரு பக்கம் தீர்ந்து நின்றது. மறுபக்கம் திருப்பிப் போட்டிருக்கலாம். பஸ் நிற்கும் ஒண்டிக்கடைக்குப் போகும் ஜீப் கிளம்பிக்கொண்டிருந்தது. அதை விட்டால் சேலம் பஸ் கிடைக்காது. ஏறிவிட்டேன். அழைத்த சாமியைத் திருப்பி அனுப்பவும் ஓர் அடி உண்டு, அது கடைசியில்தான் வரும் என்பது எனக்குத் தெரியாததல்ல. உடுக்கை தொட்ட யாருக்கும் தெரியும். இருந்தும் வீட்டுக்கு வந்ததும் கேசட் அட்டையில் ‘சாமி அழைப்பு, முழுவதும்’ என்று எழுதினேன்.

முதல் இரண்டு சனிக்கிழமையும் ஏதோ ஒரு சாதாரண அடியை அடித்தேன். விருந்தினர்கள் பிஸ்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டல் மேனேஜர் கூப்பிட்டு, “மூணாவது சீன் சப்புன்னு இருக்கும்மா” என்றார். அந்த வாரம் முழுவதும் கேசட்டைப் போட்டுப் போட்டு அடியைக் கற்றுக்கொண்டேன். எங்கே வேகம் கூடுகிறது, எங்கே ஒரு தட்டு விடுபடுகிறது என்று கட்டம் போட்டு எழுதினேன். அரை மணி நேரத்தை எட்டு நிமிடமாகச் சுருக்கினேன். அக்கா அங்கே இருப்பார் என்பது என் நினைவில் இருந்ததா? இருந்தது. ஆனால் எனக்கு அது தாளம், அவ்வளவுதான். ஓட்டல் புல்வெளியில் தாளத்துக்கு என்ன நேர்ந்துவிடும் என்று நினைத்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை அக்கா ரோஜாப் பாத்திக்குப் பக்கத்தில் டீக் கோப்பைத் தட்டோடு நின்றிருந்தார். நான் அடிக்க ஆரம்பித்துச் சில நிமிடங்களில் கோப்பைகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது. அடுத்து தட்டு விழுந்து உடைந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

என்ன நடக்கிறது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு நான் அடியை நிறுத்தவில்லை. வேகத்தைக் கூட்டினேன். விருந்தினர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கை தட்டினார்கள். கேமராக்கள் மின்னின. என் வாசிப்புக்கு அப்படி ஒரு கைத்தட்டலை அதுவரை நான் கேட்டதில்லை.

அக்கா புல்வெளியின் நடுவுக்கு வந்து எனக்கு நேர் எதிரில் நின்றார். கேசட் தீர்ந்த இடத்துக்கு அடி வந்ததும் என் கை நின்றுவிட்டது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

“எதுக்குடி என்னையக் கூப்புட்டே?” அது அக்காவின் குரல் அல்ல. “கூப்புட்டுட்டு எதுக்கு நிறுத்துனே? கேளு. உனக்கு என்ன வேணுமோ கேளு!”

எனக்குக் கேட்க ஒன்றுமில்லை. உடுக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துரை வேடக்காரர் தொப்பியையும் பூட்ஸையும் கழற்றி வைத்துவிட்டு, பவுடர் முகத்தோடு கை கூப்பி முன்னால் வந்தார். வெள்ளைக்காரன் சாமி கும்பிடுவதைப் பார்த்து விருந்தினர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தங்கை வரவேற்பறைப் பிள்ளையார் படத்துக்கு முன்னாலிருந்த கற்பூரத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். டீ சாசரில் ஏற்றி அக்காவின் முகத்துக்கு நேரே காட்டினாள். “மலையேறிக்க சாமி. தெரியாமப் பண்ணிப்போட்டாங்க. மன்னிச்சு மலையேறிக்க சாமி.” அவள் அழுதுகொண்டே திரும்பத் திரும்பச் சொன்னாள். நெடுநேரம் கழித்து அக்கா அவள் தோளில் சரிந்தார். மறுபடியும் கைத்தட்டல்.

மேனேஜர் என்னைத் தனியாக அழைத்தார். “ஏம்மா, இது நிகழ்ச்சியில உள்ளதா? இல்ல, அந்தம்மாவுக்கு ஏதாச்சும் ஆயிருச்சா?”

“நிகழ்ச்சிதாங்க சார்” என்றேன். “ஒத்திகை பார்த்ததுதான்.”

கோப்பைகள் உடைந்ததற்காக அக்காவை வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களே என்றுதான் அப்படிச் சொன்னதாகப் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காரணங்களை ஒழுங்காக வரிசைப்படுத்தினால், என் மேல் பழி வரக் கூடாது என்பது முதலில் வரும். அந்தக் கைத்தட்டலை விட்டுக்கொடுக்க மனம் வராதது இரண்டாவது. கோப்பை மூன்றாவதுதான்.

“அடடே, முன்னாடியே சொல்லியிருக்கலாமே! அடுத்த வாரமும் வெச்சுருங்க” என்றார் மேனேஜர்.

திங்கட்கிழமையே ஓட்டல் வாசலில் போர்டு வைத்துவிட்டார்கள்: ‘சனிக்கிழமை சாமியாட்டம்.’ தலைச்சோலைக்குப் போகிற பஸ் அந்த வாசலைத் தாண்டித்தான் போகும்.

புதன்கிழமை ஓட்டல் ஒலிபெருக்கி ஒன்றைச் சரிசெய்ய ஏற்காடு வந்தேன். ஒண்டிக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தங்கை எதிரில் வந்து நின்றாள். எனக்காகவே காத்திருந்திருக்கிறாள்.

“ஏனுங்க, எங்கக்கா ஒத்திகை பாத்து ஆடுச்சுன்னு நீங்கதான் சொன்னீங்களாமா?”

கருவிப் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

“மேனேஜரு எல்லாருகிட்டயும் சொல்லிட்டிருக்காருங்க. ஓட்டல்ல ஆடுனது ஒத்திகைன்னா கோயில்ல ஆடுனது என்னன்னு ஊருல கேக்கறாங்க. அக்கா குடுத்த வாக்க நம்பி ஒரு ஊட்டுல கலியாணத்தையே தள்ளி வெச்சிருந்தாங்க. அவுங்க நேத்து வந்து வாசல்ல நின்னு கத்திட்டுப் போறாங்க, எங்களை இத்தன வருசமா ஏமாத்துனியாடின்னு.”

“அக்கா என்ன சொன்னாங்க?”

“என்னத்தச் சொல்றது? சோறு தின்னு நாலு நாளாச்சு. நீங்க வந்து சொல்லோணுங்க. நீங்க சொன்னதுதானுங்களே இது.”

முதலில் மேனேஜரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவே இல்லை. “நெசமாவே வந்துச்சா? அப்ப இன்னும் நல்லதுதானேம்மா” என்றார். இனி அந்த அடியை அடிக்க மாட்டேன் என்றேன். அடிக்காவிட்டால் வர வேண்டாம் என்றார். போர்டு மட்டும் அங்கேயே இருந்தது.

மறுநாள் காலையில் தலைச்சோலைக்குப் போனேன். அக்கா வீட்டு முன்னால் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். தப்பு செய்துவிட்டேன் என்று ஆரம்பித்தேன். அவர் மிளகைக் கையால் பரப்பிக்கொண்டே இருந்தார்.

“எங்கிட்ட எதுக்குச் சொல்றே கண்ணு? என்ன வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? அதோ, அங்க போய்ச் சொல்லு.”

அவர் காட்டியது எதிரிலிருந்த டீக்கடையை. ஏழெட்டு ஆண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணத்தைத் தள்ளி வைத்த வீட்டுக்காரரும் அங்கேதான் இருந்தார். நான் போய் நின்று, எழுதி வைத்ததை வாசிப்பதுபோலச் சொன்னேன். அக்கா ஒத்திகை எதுவும் பார்க்கவில்லை. கோயிலில் கேட்ட அடியை நான்தான் அங்கே அடித்தேன். மேனேஜர் கேட்டபோது பொய் சொன்னதும் நான்தான்.

ஒருவர் கிளாஸைக் கீழே வைத்தார். “ஏம்மா, அன்னைக்குச் சொன்னது பொய்யா, இப்பச் சொல்றது பொய்யா?”

“அந்தப் புள்ள நல்லா நடிக்கும்ப்பா” என்றார் டோலி தூக்கும் தோட்டக்காரர். “நம்ம பொம்பளையாட்டமே வேசம் கட்டிட்டு வரும்.”

எல்லோரும் சிரித்தார்கள். கல்யாண வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த தன் வீட்டுக்குள் போய் ஓர் உடுக்கையை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். “பேச்செதுக்கு? அதே அடிய இங்க அடி. நெசம்னா வரட்டும். வல்லீன்னா நாங்க தெரிஞ்சுக்கறோம்.”

உடுக்கையை வாங்கிவிட்டேன். ஏன் வாங்கினேன் என்று தெரியவில்லை; நீட்டியதும் கை தானாகப் போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் அக்கா சாலையோரத்தில் வந்து நின்றிருந்தார்.

“அடிக்காதே கண்ணு” என்றார்.

“ஏன், பயமா?” என்றார் கல்யாண வீட்டுக்காரர்.

“சாமியென்ன கூலியாளா, ஆளாளுக்குக் கூப்புட்டா வந்து நிக்கறதுக்கு?”

நான் உடுக்கையைப் பெஞ்சில் வைத்தேன். வீட்டுக்காரர் அதை எடுத்துத் துண்டால் துடைத்தார். “சரி, தெரிஞ்சு போச்சு” என்றார். அடித்திருந்தாலும் தப்பு, அடிக்காமல் விட்டதும் அவருக்குச் சாட்சியாகிவிட்டது. அங்கே நான் சொல்லியிருக்க வேண்டியவை நான்கு இருந்தன. அவை வரிசையாக எனக்கு நினைவுக்கு வந்தது திரும்பி வரும் பஸ்ஸில்தான்.

அந்த வீட்டார் அந்த மாதமே கல்யாணத்தை முடித்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சில வாரங்களில் கோயில் திருவிழா வந்தது. போகத் தேவையில்லை, போனேன். டேப் ரிக்கார்டரைக் கொண்டுபோகவில்லை. பெண்கள் கூட்டத்தில் அக்கா தலைமுடியை இறுகப் பின்னிக்கொண்டு தங்கையோடு நின்றிருந்தார். உடுக்கை ஆரம்பித்து ஏறியது. போன வருடம் சாமி இறங்கிய அந்த இடத்துக்கு அடி வந்ததும் அக்கா கண்ணை மூடிக்கொண்டார். கால் விரல்கள் மண்ணை அழுத்தின. ஒரு கை தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தது. பழக்கத்தில் சிலர் விலகி வழிவிட்டார்கள். உடுக்கைக்காரர் அவரைப் பார்த்துக்கொண்டே அதே இடத்தில் சுற்றிச் சுற்றி அடித்தார். தங்கை அசையாமல் நின்றாள். அவள் உதடு மட்டும் வெளுத்திருந்தது.

வாக்குக் கேட்க வந்திருந்த ஓர் அம்மா பக்கத்தில் வந்து கேட்டார்: “என்ன சாமி, வல்லீங்களா?”

அக்கா கண்ணைத் திறந்தார். முகமெல்லாம் வியர்த்திருந்தது. “இனி எம்மேல வராதுங்க. வேற ஆளப் பாத்துக்கங்க” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

வராமல் இருந்ததா, அவர் வரவிடவில்லையா என்று என்னைத் தவிர அங்கே யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. தங்கையின் மணிக்கட்டில் நான்கு நகங்கள் பதிந்த இடத்தில் ரத்தம் கசிந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள். கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு அக்காவின் பின்னால் போனாள்.