எனக்கு வாந்தி வராது

எனக்குப் பஸ்ஸில் வாந்தி வராது. அன்றும் வந்ததில்லை, இன்றும் வருவதில்லை. ஏற்காடு மலைப்பாதையில் கடைசி சீட்டில் உட்கார்ந்து மசாலா கடலை தின்றுகொண்டே போன வயிறு இது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் துருக்கியில் ஒரு பஸ் நிறைய மயிலாப்பூர், அடையாறு மனிதர்கள் என்னைப் பற்றி வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது. மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஒருவர் டூர் நடத்திக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் அவர் டூர் மாமா. எந்த தேசத்துக்குக் கிளம்பினாலும் கூடவே ஒரு சமையல்காரரையும் அழைத்துப் போவார். "பனிமலை உச்சியிலயும் ரசம் கிடைக்கும், கவலைப்படாதீங்கோ" என்பதுதான் அவருடைய விளம்பரம். அந்தக் கோடை விடுமுறையில் அம்மா, சித்தி, நான் மூவரும் அவரோடு கிளம்பினோம். அப்பாவுக்கு பேங்கில் ஆடிட் சமயம், லீவு கிடைக்கவில்லை.

சித்தி அம்மாவின் தங்கை. கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்களோடுதான் இருந்தாள். அதற்கு முந்தைய வருஷம், பெண் பார்க்க வந்தவர்கள் கிளம்பிப் போன பிறகு, மிஞ்சிய சொஜ்ஜியை என் தட்டில் போட்டுக்கொண்டே, "அக்கா, இனிமே நான் யார் முன்னாடியும் வந்து உக்கார மாட்டேன். இதோட சரி" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. அதன்பின் வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. சொஜ்ஜியும் நின்றுபோனதில் எனக்குத்தான் வருத்தம்.

இஸ்தான்புல்லில் இறங்கி, இன்னொரு விமானம் பிடித்து, உள்நாட்டில் ஏதோ ஒரு சின்ன ஊரில் பஸ் ஏறினோம். நானும் சித்தியும் பக்கத்துப் பக்கத்தில், அம்மா எதிர் வரிசையில். முன் வரிசையில் அடையாற்றிலிருந்து வந்த ஒரு மாமியும் அவருடைய பிள்ளையும். பிள்ளை என்றால் முப்பதைத் தாண்டியவர், நெட்டையாக இருப்பார். பஸ் புறப்படும் முன்பே மாமி எழுந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "குழந்தை எங்கூட முன்னாடி வந்து உக்காந்துக்கட்டும், நன்னா வேடிக்கை பாக்கலாம். இவன் பின்னாடி போயிடுவான்."

முன் சீட்டு! நான் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேவிட்டேன். அம்மா தேவைக்கு மேல் வேகமாக, "அதுக்கென்ன, போயிட்டு வாடி" என்றாள். சித்தி அம்மாவைப் பார்த்தாள். மாமியைப் பார்த்தாள். தன் ஷூவையே ஆராய்ந்துகொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இவளுக்குப் பஸ்ல வாந்தி வரும் மாமி. நான் பக்கத்துல இல்லேன்னா ரகளை பண்ணிடுவா."

அம்மா மறுப்பதற்காக வாயைத் திறந்தாள். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள். மறுத்தால், சித்தி பக்கத்து சீட்டு காலியாவதில் அவளுக்கு என்ன அவ்வளவு அக்கறை என்று சொல்ல வேண்டியிருக்குமே. பெண் பார்க்கும் படலத்தை இரண்டு அம்மாக்களும் சேர்ந்து விமானம் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. சித்திக்கு அந்த ஒரு நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது.

அதிலிருந்து பிடித்தது எனக்குச் சனி. மாமி நல்ல மனசுக்காரர், அதுதான் தொந்தரவே. வழியெல்லாம் எனக்கு எலுமிச்சம்பழமும் நாரத்தங்காய் ஊறுகாயும் பின்னால் வந்துகொண்டே இருந்தன. பாமுக்கலே என்கிற இடத்தில், மலை முழுக்க வடாம் பிழிந்து காயவைத்த மொட்டை மாடியைப்போல வெளுத்துக் கிடந்தது. எல்லோரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெதுவெதுப்பான தண்ணீரில் நடந்தார்கள், கரையேறி ஐஸ்க்ரீம் சாப்பிட்டார்கள். டூர் மாமா என் கையிலிருந்த கோனை வாங்கிக்கொண்டு, "உனக்கு வேண்டாண்டா கண்ணு, பஸ்ல ஏறணும்" என்றார். மற்றவர்களுக்கு வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் என்றால் எனக்குக் குழைந்த மோர் சாதம். சித்தியிடம் சண்டை போட்டேன். "கொஞ்சம் பொறுத்துக்கோடி தங்கம்" என்று என் தலையைத் தடவினாளே தவிர, பொய்யை வாபஸ் வாங்கவில்லை.

எனக்கு நியாயம் கிடைத்தது கொன்யாவுக்குப் போகும் வழியில். ஆப்பிள் தோட்டங்களும் நீலமான ஒரு பெரிய ஏரியும் தாண்டி, பஸ் மலையில் ஏற ஆரம்பித்தது. தூரத்துச் சிகரங்களில் பனி. வளைவுக்கு மேல் வளைவு. முதலில் பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். பிறகு பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். சமையல்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார். கடைசியில் முன் சீட்டிலிருந்து அடையாறு மாமியின் குரல், "பை இருக்கா யார்கிட்டயாவது!" என்று பரிதாபமாகக் கேட்டது. பஸ்ஸில் பாதிப் பேர் கவிழ்ந்து கிடந்தார்கள். நான் உருளைக்கிழங்கு சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

எழுந்து நின்று, பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். "எனக்கு வாந்தியே வராது. வந்ததே இல்ல!"

டூர் மாமா தெய்வத்தைக் கண்டவர்போல என்னைப் பார்த்தார். "அப்ப நீ வா இங்க. மாமி பக்கத்துல உக்காந்து பையைப் பிடிச்சுக்கோ. சார், நீங்க பின்னாடி அந்த சீட்டுக்குப் போயிடுங்கோ, உங்களைப் பாத்தாலும் சரியில்ல." மாமியின் பிள்ளை வெளிறிய முகத்துடன் என்னைத் தாண்டிப் போய், என் இடத்தில், சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ராணி மாதிரி முன்னால் போனேன்.

மாமியின் எலுமிச்சம்பழங்களை மாமிக்கே எடுத்துக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டே அவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கிசுகிசுத்தார்.

"பின்னாடி பேசிண்டிருக்காளா, பாரு."

திரும்பிப் பார்த்தேன். "சித்திதான் பேசறா மாமி. உங்க பிள்ளை கேட்டுண்டிருக்கார்."

அந்த நிலைமையிலும் மாமி புன்னகை செய்தார்.

மலை இறங்கியதும் ஒரு பழைய கல் சத்திரத்தின் முன் பஸ் நின்றது. அந்தக் காலத்தில் ஒட்டக வியாபாரிகள் தங்கிய இடமாம். சித்தி இறங்கி நேரே அம்மாவிடம் வந்தாள். "அக்கா, அவர்கிட்ட சொல்லிட்டேன். எனக்கு இதுல இஷ்டமில்லேன்னு."

அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. "நேர்ல சொல்லுவாளோடி யாராவது? ஜாதகம் பொருந்தலேன்னு ஊருக்குப் போய்ச் சொல்லிண்டா ஆகாதா? இன்னும் பாதி டூர் பாக்கி இருக்கே, ஒரே பஸ்ஸுல, ஒரே சாம்பாரைச் சாப்ட்டுண்டு வரணுமே!"

அம்மா சொன்னதிலும் நியாயம் இருந்தது. மயிலாப்பூர் என்றால் பிள்ளை வீட்டார் பஜ்ஜியைச் சாப்பிட்டு, "போய் லெட்டர் போடறோம்" என்று ஆட்டோ ஏறிவிடுவார்கள். இங்கே எங்கே போவது? அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது இரண்டு குடும்பமும் ஹாலின் இரண்டு மூலையில் உட்கார்ந்தோம். சமையல்காரர் ரசவாளியோடு நடுவில் அலைந்தார்.

காலையில் பஸ் ஏறி நான் என் பழைய இடத்துக்குப் போகப் பார்த்தபோது மாமி விடவில்லை. "இந்தக் குழந்தை பக்கத்துல இருந்தாத்தான் எனக்கு வயித்தைப் பெரட்டாம இருக்கு" என்றார். அதற்குப் பிறகு சாலை பலகைபோல நேராகத்தான் ஓடியது. நிஜமாகவே வயிறுதானா, இல்லை நப்பாசையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆக, வேண்டாம் என்று சொன்னவளும் சொல்லப்பட்டவரும் பக்கத்துப் பக்கத்து சீட்டிலேயே வந்தார்கள். முதல் நாள் முழுக்கப் பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. மறுநாள் மெல்லப் பேச்சுக் கேட்டது. அதற்கடுத்து, ஒரு பாலத்தைத் தாண்டும்போது, சித்தி வாய்விட்டுச் சிரித்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

அந்தக் கல்யாணம் நடக்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவருக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனபோது சித்தி போய் மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

கப்படோக்கியாவில் விடியற்காலையில் பலூன் பார்க்க எங்களைக் குன்றின்மேல் அழைத்துப் போனார்கள். ஏறிப் பறக்க எங்கள் கூட்டத்தில் யாருக்கும் தைரியம் இல்லை. ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயுமாக நின்று ஃபிளாஸ்க் காப்பி குடித்தோம். கீழே பள்ளத்தாக்கில், கூம்பு கூம்பான பாறைகளுக்கு நடுவிலிருந்து பலூன்கள் ஒவ்வொன்றாக எழும்பின. சித்தியும் மாமியின் பிள்ளையும் சற்றுத் தள்ளி நின்று எதையோ காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் தள்ளிப் போனதும் நான் ஓடிப்போய்க் கேட்டேன்.

"அவரைத்தான் வேண்டாம்னு சொல்லிட்டியே சித்தி. அப்புறம் என்ன இவ்வளவு பேச்சு?"

"வேண்டாம்னு சொன்னதுக்கப்புறம்தாண்டி பேசவே முடியறது" என்றாள்.

இது எனக்குப் பெரிய முட்டாள்தனமாகப் பட்டது. அம்மாவிடம் போய் அப்படியே ஒப்பித்தேன். தங்கையைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா திட்டவில்லை. காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சித்தி நின்ற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பாகிட்ட நான் கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு வார்த்தை பேசினதில்லை" என்றாள்.

அம்மாவுக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது, பாவம், என்று நினைத்தேன். அங்கே அப்பா எழுந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஆசையாக அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்தேன்.

"அப்பாவுக்கு வீடியோ கால் போடட்டுமாம்மா?"

"இப்ப வேண்டாம்" என்றாள் அம்மா.