லோரன்ஷியன் மலையில் ஐந்து உடுப்புகள்

பெப்ரவரி 7, சனி. வெப்பநிலை மறை பதினொரு பாகை (−11°C), காற்றில்லை. காலை 6.40க்கு மொன்ட்ரியால்-நோரிலிருந்து காரில் புறப்பாடு. வடக்கே தொண்ணூறு கிலோமீற்றர். 8.10க்கு மலையடிவாரம். குழுவில் எழுவர், வழிகாட்டி ஒருவர். கருவி வாடகை உட்படக் கட்டணம் நாற்பது டொலர்.

காரை ஓட்டியவர் நிவேதா. சென்னைப் பெண், எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடி. ‘பனிச்சறுக்கு மலையேற்றம்: முன்அனுபவம் வேண்டாம், வயது தடையல்ல’ என்ற நூலக அறிவிப்பை எனக்குக் காட்டியவரும் அவரே.

இங்கே மேலே தூக்கிச்செல்லும் கம்பிவண்டி கிடையாது. சறுக்குப் பலகைகளின் அடியில் மயிர்த்தோல் போன்ற பட்டையை ஒட்டிக்கொண்டு காட்டுக்குள் நடந்தே ஏறவேண்டும். பட்டை முன்னோக்கி வழுக்கும், பின்னோக்கி விடாது. முதல் பத்தடியிலேயே அது புரிந்தபோது, அறுபத்தொன்பது வயதில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வழிகாட்டி மிரேய் இரண்டு விதிகள் சொன்னார். கடைசியில் வருபவரின் வேகமே குழுவின் வேகம். ஒருவர் இறங்கினால் அவருடைய இணையும் இறங்கவேண்டும். என் இணை நிவேதா.

அரைமணி ஏறியதும் மிரேய் என் பிடரியைத் தொட்டுப் பார்த்தார். வியர்வையில் நனைந்தவர் நின்றதும் உறைவார். கழற்றுங்கள், அல்லது இறங்குங்கள் என்றார்.

“உள்ள எத்தனை போட்டிருக்கீங்க, அங்கிள்?” என்று கேட்டார் நிவேதா.

“ஐஞ்சு.”

“நிலாவுக்கா போறோம்?”

“முப்பது வருசமாய் இந்தக் குளிரோடை இருக்கிறன், பிள்ளை. எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா ஏன் கண்ணாடி முழுக்க ஆவி? கழட்டுங்க, ப்ளீஸ். நான் மேல போகணும்.”

மேலங்கியைத் திறந்தேன். உள்ளே என் மனைவியின் கம்பளிச் சட்டை இருந்தது: கருஞ்சிவப்பு, பூவேலை செய்த பொத்தான்கள். அவர் ஒக்டோபரில் காலமானார். இன்று விடியற்காலை அவருடைய அலுமாரியின் ஒரு கதவை மட்டும் திறந்து அதை எடுத்திருந்தேன்.

நிவேதா சிரிக்கவில்லை.

“ஆன்ட்டியோடதா?”

“ஓம்.”

மிரேய் அதை வாங்கி, நனையாத பைக்குள் மடித்து வைத்து, என் முதுகுப்பையில் இட்டார். நல்ல கம்பளி ஏறும்போது போடுவதற்கல்ல, நின்றதும் போடுவதற்கு என்றார். இன்னொன்றையும் கழற்றிவிட்டு, மூன்று உடுப்புகளுடன் தொடர்ந்து ஏறினேன். உடல் இலேசாக இருந்தது. அது எனக்குச் சங்கடமாகவும் இருந்தது.

10.50க்கு உச்சி. கீழே உறைந்த ஏரி, பனி சுமந்த ஊசியிலை மரங்கள், இரைச்சலே இல்லாத நீலம். நின்ற இரண்டாம் நிமிடத்தில் நடுக்கம் தொடங்கியது. பையைத் திறந்தேன். சட்டை உலர்ந்திருந்தது. எல்லோர் முன்னிலையிலும் அணிந்து, பொத்தான்களைப் பூட்டினேன்.

“நல்ல நிறம்,” என்றார் மிரேய், பிரெஞ்சில்.

பின்னர் பட்டைகளை உரித்தெடுத்துவிட்டு இறங்கினோம். இரண்டு முறை விழுந்தேன். மூன்றாம் முறை, புதுப்பனியில் பலகைகள் தாமாகவே திரும்பின. மரங்கள் இருபுறமும் விலகி ஓடின. காற்று காதுக்குள் பாய்ந்தது.

“அங்கிள்! கத்தினது நீங்களா?”

“இல்லை.”

“அப்போ மரமா கத்துச்சு?”

மதியம் 2.30க்கு வீடு. இன்னும் செய்யாதவை:

ஈர உடுப்புகளை உலரத் தொங்கவிடுதல்.
நிவேதாவிடம் கத்தியது நான்தான் என்று ஒப்புக்கொள்ளுதல்.
மார்ச் மாத ஏற்றத்துக்குப் பெயர் கொடுத்தல்.
அலுமாரியின் மற்றக் கதவைத் திறத்தல்.