டாப் டென்னுக்கு ஒரே வழி

இன்று காலை அடையாறிலிருந்து தி.நகர் போகும் பஸ். முன் சீட்டில், கழுத்தில் ஆபீஸ் கார்டு தொங்க இரண்டு இளைஞர்கள். ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த பாடகர் ஒருவர் பத்து வருடம் கழித்துப் புதுப்பாட்டு விட்டிருக்கிறார். அதைப் பற்றித்தான் பேச்சு.

"டாப் டென்னுக்குள்ள வருமா மச்சி?"

"சான்ஸே இல்ல. ஒரே வழிதான் கீது. ஆளு போய்ச் சேந்தா அன்னிக்கே நம்பர் ஒன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"உயிரோட இருக்குற மனுஷனைப் பத்தி இப்படியா பேசுவீங்க?" என்று கத்திவிட்டேன்.

ஒருவன் நிதானமாகத் திரும்பினான். "நீங்க அந்தப் பாட்டக் கேட்டீங்களா அங்கிள்?"

தி.நகர் வருவதற்கு முன்பே, நந்தனத்திலேயே இறங்கிவிட்டேன்.

உங்களில் யாராவது அந்தப் பாட்டைக் கேட்டிருந்தால் சொல்லுங்கள். இரங்கல் பதிவு மட்டும் எல்லோரிடமும் தயாராக இருக்கும் என்று தெரியும்.